குவிமாட வீடும் லயக்காம்பராவும்

வீடற்றோர்க்கு வீடமைத்தல் பற்றிப் பேசப்படும் இடங்களில் ஒரு வடிவம் அடிக்கடி போற்றப்படுகின்றது. அது குவிமாட வீடு. அரைக்கோளமாய்க் கவிந்து, சுவரும் கூரையும் ஒன்றேயாய், தூணும் உத்தரமும் வேண்டாது தன்னைத் தானே தாங்கி நிற்கும் அவ்வீடு மலிவானது, விரைவிற் கட்டக்கூடியது, எரிசக்தியை வீணாக்காதது, புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் அசையாதது எனப் பலவாறு புகழப்படுகின்றது. இப்புகழுரைகளுட் பெரும்பகுதி பொய்யன்று. ஆயின், மலைநாட்டு மக்களின் வீட்டுப் பிரச்சினைக்கு இவ்வடிவத்தையே மருந்தாக எடுத்துக் கொணர்வோர், தாம் தீர்க்க முற்படும் பிரச்சினை இன்னதென்பதை அறியாதவராகவோ, அறிந்தும் அதனைச் சுற்றிப்போக விரும்புபவராகவோ இருத்தல் வேண்டும். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனத்திற் கொண்டு நோக்குவார்க்கு இது புலப்படாமற் போகாது.

முதலிற் குவிமாடத்துக்கு உரியதை அதற்குக் கொடுத்துவிடுதல் நேர்மை. குறித்த ஒரு கனவளவை ஆகக் குறைந்த மேற்பரப்பால் மூடும் வடிவம் கோளம் என்பது கணிதம் கண்டது. இந்திய அரசின் உதவியுடன் தோட்டங்களில் 2016ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட வீடுகளின் பரப்பு 550 சதுர அடி. அப்பரப்பை 22 அடிக்கு 25 அடியாக அமைத்து ஒன்பதடிச் சுவரும் சரிந்த கூரையும் இட்டால், சுவரும் கூரையுமாக ஏறத்தாழ 1500 சதுர அடி கட்டவேண்டும். அதே பரப்பை அரைக்கோளத்தால் மூடினால் 1100 சதுர அடி போதும். நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். மேலும், வளைவின் வழியே சுமை இறங்குவதாற் குவிமாடத்தின் பெரும்பகுதி அமுக்கத்தை மட்டுமே தாங்குகின்றது; அடியிற் புறந்தள்ளும் விசையை அணைக்க ஒரு வளையம் இருந்தாற் போதும். அமுக்கத்தைத் தாங்குவதில் மண்ணும் செங்கல்லும் வல்லவை. ஆகவே இரும்புக் கம்பியும் மரமும் இன்றி மண்கல்லாலேயே கூரை எழுப்ப முடியும். எகிப்தின் நூபியக் கொத்தர் சாரமும் அச்சும் இல்லாமற் பச்சைக் கல்லால் வளைகூரை கட்டினர். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1989இல் தொடங்கப்பெற்ற மண் கட்டடக்கலை நிறுவனம் அம்முறையை அழுத்தப்பட்ட மண்கற்களைக் கொண்டு இன்றும் பயிற்றி வருகின்றது.

கண்டிக்கும் குவிமாடம் புதியதன்று. பிலிமத்தலாவைக்கு அண்மையில், பாறை மீது நிற்கும் கடலாதெனிய விகாரையை 1344இல் அமைத்தவன் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி. அதன் மேல் எழும் குவிந்த சிகரமும் கண்டி நகரின் நடுவே நாத தேவாலயத்தின் சிகரமும் திராவிடக் கட்டடக்கலையின் வழிவந்தவை. ஆயின் அவை கடவுளர் மேற் கவிந்தவை. மனிதர் வாழ்ந்த இல்லங்களுக்கு இப்பகுதி மக்கள் வேறொரு கூரையைத் தெரிந்தெடுத்தனர். உச்சியிற் செங்குத்தாகவும் இடையிலிருந்து தணிந்தும் இறங்கி, சுவருக்கு வெகு வெளியே நீளும் கண்டிக் கூரை அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. இரு பருவக் காற்றும் நனைக்கும் நாட்டில், மண்சுவரை மழையிலிருந்து காக்கக் குடைபோன்ற இறவாரம் வேண்டும் என்ற அறிவிலிருந்து அது பிறந்தது. குவிமாடத்துக்கு இறவாரம் இல்லை. அங்கு சுவரே கூரையாதலால், பெய்யும் மழை முழுவதும் சுவர் வழியே வடிகின்றது. வறண்ட நூபியாவில் அது குறையன்று. ஹந்தானை மலைச்சாரலில் அது பெருங்குறை. அக்குறையை நீக்கச் சீமெந்துப் பூச்சு வேண்டும். பூச்சில் வெடிப்பு விழாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மலிவு என்னும் கணக்கில் இச்செலவு எங்கே எழுதப்படுகின்றது?

கணக்கையே இன்னுஞ் சற்று நோக்கலாம். 550 சதுர அடி பரப்புள்ள அரைக்கோளத்தின் ஆரை பதின்மூன்றே கால் அடி. வளைந்திறங்கும் சுவரின் ஓரத்தில் ஆறடி உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது. அவ்வாறு நிற்கவியலாத ஓரப் பரப்பைக் கணித்தால் ஏறத்தாழ 113 சதுர அடி வருகின்றது. தோட்டத்து லயக்காம்பரா ஒன்றின் பரப்பு பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. குவிமாடத்தில் வீணாகும் ஓரம் ஏறக்குறைய ஒரு குடும்பம் தலைமுறைகளாய் வாழ்ந்த காம்பராவின் அளவினது! இவ்வீணைத் தவிர்க்க நாலடி உயரத்துக்கு நேர்சுவர் எழுப்பி அதன்மேற் குவிமாடத்தை இருத்தலாம் என்பர். அப்படிச் செய்தால் மேற்பரப்பு 1430 சதுர அடியாகி, முதலிற் காட்டப்பட்ட இலாபம் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் முக்கோணச் சட்டங்களை இணைத்துக் குவிமாடம் அமைக்கும் முறைக்கு 1954இற் காப்புரிமை பெற்றவர் பக்மினிஸ்டர் புல்லர். அவர் கருத்தால் ஈர்க்கப்பட்டு 1970இலும் 1971இலும் குவிமாடம் கட்டுதற்கு வழிகாட்டும் இரு நூல்களை வெளியிட்டவர் லொயிட் கான். தாமே அத்தகைய வீட்டில் வாழ்ந்து பார்த்த அவர், ஒழுக்கையும், அறை பிரிப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும், நேர்க்கோட்டுப் பலகைகளை வெட்டுவதில் ஏற்படும் வீணையும் எடுத்துரைத்து, நன்றாக விற்பனையாகிக்கொண்டிருந்த தம் நூலின் மறுபதிப்பை நிறுத்திவிட்டார். வடிவத்தின் தூதரே அதனைக் கைவிட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னர், அவ்வடிவம் வறியோரின் நாடுகளுக்குப் பரிசாக அனுப்பப்படுவது கவனிக்கத்தக்கது.

பரிசாக வந்த இடம் ஒன்றும் உண்டு. 2006 மே மாதம் யாவாத் தீவின் யொக்யகார்த்தாப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து அழிந்த நுக்லெபென் கிராமத்தவர்க்கு, 2007இல் எழுபதுக்கு மேற்பட்ட கொங்கிறீற்றுக் குவிமாட வீடுகள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தாற் கட்டிக்கொடுக்கப்பெற்றன. காற்றால் ஊதப்பட்ட அச்சின் மேற் கம்பி வலையும் கொங்கிறீற்றும் இட்டு எழுப்பப்பட்ட ஏழு மீற்றர் விட்டமுடைய வீடுகள் அவை. உறுதியான வீடுகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் குடிபுகுந்தோர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, வீட்டோடு ஒட்டித் தாழ்வாரமும் சமையற்கட்டும் இறக்கியது. இன்று அக்கிராமத்தைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். வீடு காட்சிப்பொருளாகும்போது அதில் வாழ்பவரும் காட்சிப்பொருளாகின்றனர் என்பதைச் சொல்லாமல் விடுதல் தகாது.

எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் பாதியின் கதை இதனினும் துயரமானது. லக்சரில் தொல்லெச்சக் கல்லறைகளின் மேல் வாழ்ந்த குர்னா மக்களை அப்புறப்படுத்த அரசு விரும்பியபோது, 1940களின் பிற்பகுதியில் அவர்களுக்கென மண்ணாலும் குவிமாடத்தாலும் ஓர் அழகிய ஊரை அவர் படைத்தார். மக்கள் அங்கு போக மறுத்தனர். தம் பிழைப்பும் இடமும் பறிபோவதை அவர்கள் அறிந்திருந்தனர். குவிமாடம் அவர்களுக்குச் சமாதியின் வடிவமாகத் தோன்றியது என்றும் கூறுவர். பாதி மக்களை நேசித்தவர். மண்ணின் பயனை உலகுக்கு உணர்த்தியவர். அத்தகையவருக்கே அம்மக்கள் 'வேண்டாம்' என்றனர். ஏனெனில் அந்த ஊரை விரும்பியவர் அரசினர், குடியிருக்கவேண்டியவர் வேறெவரோ.

எரிசக்திச் சிக்கனம் என்னும் புகழுரைக்கு வருவோர் முதலில் எந்த எரிசக்தி என்று கூறவேண்டும். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கவும் பாலைநாட்டிற் குளிர்விக்கவும் செலவாகும் எரிபொருளை வைத்துக்கொண்டே குவிமாடத்தின் சிக்கனம் கணிக்கப்பட்டது. கண்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24, 25 பாகை செல்சியசு. இங்கு எவரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. தோட்டத் தொழிலாளி வீட்டைக் குளிர்விப்பதுமில்லை. தோட்ட வீட்டில் எரிவது விறகு. அது எரியும் இடம் அடுப்பு. புகைபோக்கியில்லாத அடுப்பின் புகை தாயின் நெஞ்சிலும் குழந்தையின் நெஞ்சிலும் சென்று தங்குகின்றது. 1980களில் இலங்கையிற் பரப்பப்பட்ட 'அனகி' என்னும் இருபானை மண்ணடுப்பும் ஒழுங்கான புகைபோக்கியும், எந்த வளைகூரையினும் அதிகமான எரிசக்தியை மீதப்படுத்தும். நண்பகலில் எரிக்கும் தகரக் கூரையின் கீழ் ஓர் உட்கூரை இட்டால் மிகுதி வேலையும் முடிந்துவிடும். இவை எளியவை, படம் எடுத்து அறிக்கையிற் போடத்தக்க அழகில்லாதவை. அதனாலேயே திட்டமிடுவோர் கண்ணுக்கு இவை படுவதில்லை போலும்.

சிக்கனம் என்பதே அளவுகோலாயின், மலைநாட்டில் ஏற்கெனவே ஓர் ஒப்பற்ற சிக்கனக் கட்டடம் உண்டு. அதன் பெயர் லயம். முதுகோடு முதுகாய் இரு வரிசைகளாக, வரிசைக்குப் பன்னிரண்டு காம்பராக்களுடன் நிற்கும் இரட்டை லயம் ஒன்றை எடுத்துக்கொண்டாற் போதும். காம்பரா ஒன்று தனித்து நின்றால் அதற்கு 44 அடி நீளச் சுவர் வேண்டும். லயத்திலோ சுவர்கள் பொதுவாதலால் ஒரு காம்பராவுக்கு விழுவது 28 அடி. நடுவிலுள்ள காம்பராவின் நான்கு சுவர்களுள் மூன்று அயலவருடையவை. வெளியே திறப்பது ஒன்று மட்டுமே. கூரை ஒன்று, அத்திவாரம் ஒன்று, நீருக்குப் பீலி ஒன்று. முன்னே இருக்கும் சிறு இஸ்தோப்பிற் சமையல், உள்ளே மற்றெல்லாம். குறைந்த பொருளில் நிறைந்த மனிதர் என்பதே இலட்சியமானால், ஆங்கிலத் தோட்டத் துரையை விஞ்சிய கட்டடக்கலைஞன் பிறக்கவில்லை. 1820களிற் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவிற் கோப்பிப் பயிர் தொடங்கிய காலந்தொட்டும், 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிற் தேயிலையை நட்ட காலந்தொட்டும், இச்சிக்கனத்தின் கீழேதான் மலையகத் தமிழர் பிறந்து இறந்தனர். வறியவனுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் அவன் மறுநாட் பிரட்டுக்கு எழுந்து வருவான் என்பதே அக்கட்டடத்தின் இலக்கணம். நகருக்குள்ளும் இவ்விலக்கணம் செல்லுபடியாகின்றது. கண்டி மாநகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் தலைமுறைகளாய் மஹியாவையில் நெருங்கி வாழும் நிலையை மாநகர எல்லைக்குள்ளேயே எவரும் காணலாம்.

ஆகவே 'மலிவான வீடு' என்ற சொல்லைக் கேட்கும்போது மலையகத்தவர் மகிழ்ந்து துள்ளாதிருப்பதை நன்றியின்மை எனக் கொள்ளுதல் தவறு. வேறொருவர் கணக்கிட்டுக் கொடுத்த மலிவான வீட்டில் அவர்கள் ஏற்கெனவே இருநூறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டனர். 2023இல் அவ்விருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மூதாதையர் நடந்த வழியே நடந்த அவர்கள் காணி உரிமையை முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாகக் கேட்டார்கள். வீட்டின் வடிவத்தைப் பற்றி அவர்கள் ஏதும் கேட்கவில்லை.

இதுவே பிரச்சினையின் அடி. லயம் சிறியது என்பது பாதி உண்மை. அது வாழ்பவருடையதன்று என்பதே முழு உண்மை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது, உழைத்தவர்க்கு உழைத்த நிலம் கிட்டும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டு வீதிகளிற் பசியோடு அலைந்தமை அக்காலத்து வரலாறு. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்கு மாறியது. நிலம் நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. அதன் பின்னர், கம்பனி இணங்கவேண்டும் என்பது காணி கேட்போர்க்கு வழமையாகக் கூறப்படும் விடையாயிற்று. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் இவ்விடை முழுமையாகச் செல்லாது. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ நிறுவனம் ஆகிய அரச அமைப்புகளின் கீழ்ப் பல தோட்டங்கள் இங்கேயே எஞ்சின. நிலம் அரசினது, நிருவாகமும் அரசினது. அங்கும் உறுதி எழுதப்படாமைக்கு எந்தக் கம்பனி பொறுப்பு?

ஏழு பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்ததை முன்னேற்றம் என்றே கொள்ளவேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு அமர்ந்தபின் எஞ்சுவது ஒரு சிறு கொல்லை. ஆயினும் அது தன் கொல்லை. அதற்கு முன்னைய திட்டங்களிற் கடன்பட்டுக் கட்டிய வீடுகளுட் பலவற்றுக்கு நெடுங்காலம் உறுதி வழங்கப்படவில்லை. கடனை அடைத்தும் உரிமையாளராகாத விந்தை வேறெந்த வீட்டுத் திட்டத்திலும் காண்பதரிது. இந்திய உதவியின் 4000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் இத்தேவையின் முன் சிறுதுளி. வீடொன்றுக்குப் பத்து இலட்சம் ரூபா என மதிப்பிடப்பட்ட செலவு 2023இல் இருபத்தெட்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது. இடையே 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சீமெந்தும் கம்பியும் எட்டாக் கனியாகியிருந்தன.

குவிமாடத்தை ஆதரிப்போரிடமிருந்து கற்கத்தக்கது இவ்விடத்தில் உண்டு. அவர்கள் மண்ணை நம்புகிறார்கள், அந்நம்பிக்கை சரியானது. மலைநாட்டுச் செம்மண்ணோடு வேண்டிய அளவு மணலும் சிறு அளவு சீமெந்தும் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கினால் அதனைச் சுட விறகு வேண்டாம். நிழலில் ஈரம் காத்து நாலு வாரம் வைத்தாற் போதும். இத்தகைய கல்லுக்கு இலங்கைக் கட்டளை நிறுவனம் 2009இலேயே தரநிர்ணயம் வகுத்துவிட்டது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இக்கல்லால் வீடுகள் கட்டப்பட்டுள்ளன. கேரளத்தில் லோரி பேக்கர், செங்கற்களை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கிச் சுவர் எழுப்பும் முறையால் நாலில் ஒரு பங்கு கல்லை மீதப்படுத்தினார். அவர் கட்டிய வீடுகள் பெரும்பாலும் மழையறிந்த கூரையோடு நின்றன. மண்ணைக் கொள்க, வளைவைக் கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. சதுர வீட்டில் மூலை உண்டு. மகனுக்கோ மகளுக்கோ மணமானால் ஒரு பக்கச் சுவரை நீட்டி அறை இறக்கலாம். அரைக்கோளத்தை எப்பக்கம் நீட்டுவது? குவிமாடம் கட்டியே ஆகவேண்டும் என்னும் ஆர்வம் அடங்காதோர்க்கு ஒரு வழி உண்டு: தோட்டத்துப் பிள்ளைமடுவத்தை அவ்வாறு கட்டலாம். குழந்தைகளின் உயரத்துக்கு வளைந்த ஓரம் குறையாகாது; அவர்கள் அதனை விரும்பவுங் கூடும்.

இடர்காப்புப் பற்றியும் ஒரு சொல். குவிமாடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்பர். திகன, விக்டோரியாப் பகுதியில் 2020இற் சிறு அதிர்வுகள் உணரப்பட்டமை உண்மையே. ஆயின் மலையகத்தாரைக் கொல்வது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மலையோடு புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி இல்லாதவர் எச்சரிக்கையை வைத்து என்ன செய்வார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மாவட்டங்களுள் உயிரிழப்பு மிக்கது கண்டி. இறங்கிவரும் மலையின் முன் கோளமும் சதுரமும் ஒன்றே. அன்றியும், சரிவில் வட்டமான அடித்தளம் அமைக்க மலையை அகலமாக வெட்டவேண்டும். வெட்டிய மலையே பின் சரிகின்றது. பாதுகாப்பான நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்துக் கொடுக்க, அந்நிலத்தைத் தேயிலை நிற்கிறது என்று மறுக்காமல் விட்டுக்கொடுப்பதே இங்கு உயிர்காக்கும் கட்டடக்கலை.

இறுதியாக, கண்டியிலேயே கிடக்கும் ஒரு முன்மாதிரி. இந்நகரிற் பிறந்தவரும் ஆசியப் பெண்களுள் முதன்முதலாக 1948இற் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானவருமான மினட் டி சில்வா, 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவையில் அரசாங்க உத்தியோகத்தர்க்கான வீட்டுத் திட்டத்தை வகுத்தார். கோடு கீறுவதற்கு முன் அவர் வினாக்கொத்து ஒன்றை எழுதி, குடிவரப்போவோர் ஒவ்வொருவரிடமும் எவ்வாறான வீடு வேண்டும் எனக் கேட்டார். பல இனத்தவரும் பல சமயத்தவருமான அவர்கள் கூறிய விடைகளிலிருந்தே வீட்டு வகைகள் பிறந்தன. அதே காலத்தில், அதே மலைகளில், சில கல் தொலைவில் லயங்களில் இருந்தோரிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. உத்தியோகத்தருக்கு விருப்பம் உண்டு, கூலியாளுக்குத் தேவை மட்டுமே உண்டு என்னும் எண்ணம் அன்று ஆட்சி செய்தது. குவிமாடத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறுவோரிடம் இன்றும் அது ஆட்சி செய்கின்றது.

அவ்வினாக்கொத்து இப்போது தமிழில் எழுதப்படவேண்டும். பேராதனையிற் பொறியியல் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒருங்கமர்ந்தால் ஒரு வாரத்தில் அது முடியும். அடுப்பு வீட்டுக்குள்ளா புறத்தா, விறகை எங்கே அடுக்குவது, சாமித்தட்டு எச்சுவரில், வயதான தாய்க்குப் படுக்கை எங்கே, கழிவறைக்கு இரவில் எவ்வளவு தூரம் நடக்கலாம், பிள்ளை படிக்க விளக்கு எவ்விடம், ஆடு மாடு உண்டா, மேலே ஓர் அறை இறக்க இடம் வேண்டுமா, உறுதி கணவன் பெயரிலா, மனைவி பெயரிலா, இருவர் பெயரிலுமா.